சேற்றில் பிறந்த கல்

ஸ்ரீவில்லிபுத்தூர் வடபத்ரசாயி கோயிலின் ராஜகோபுரத்தை அடியில் நின்று அண்ணாந்து பார்த்தால் முதலில் மனத்தை நிறைப்பது அதன் உயரம். பதினோரு நிலை, 192 அடி. கொஞ்ச நேரம் நின்றால் இன்னொன்றும் தெரியும். அடித்தளம் கருங்கல், அதன்மேல் எழுந்து நிற்பது செங்கல்லும் சுதையும். செங்கல் பிறந்த கதை எல்லாருக்கும் தெரியும். மண்ணைக் குழைத்து, அச்சில் அறுத்து, வெயிலில் காயவைத்து, நெருப்பில் சுட்டால் செங்கல். ஆனால் அத்தனை பாரத்தையும் கீழே கிடந்து தாங்கும் கல்லுக்குப் பிறப்பு என்று ஒன்று உண்டு என்பதை நாம் நினைப்பதே இல்லை. அது ஆதியிலிருந்தே அங்கே இருந்ததாக எண்ணிக்கொள்கிறோம்.

எல்லாக் கல்லும் ஒரு நாள் பிறந்ததுதான். அதிலும் ராஜபாளையத்துப் பாறைகளில் ஒன்று, செங்கல் பிறந்த அதே வழியில் பிறந்தது. சேறாக இருந்தது, நீரை இழந்தது, நெருப்பில் வெந்தது. பருத்திக்கும் நூலாலைக்கும் நாட்டு நாய்க்கும் பேர்போன ராஜபாளையத்தின் பெயர், உலகத்துப் பாறையியலாளர்களின் கட்டுரைகளில் இடம்பிடித்திருப்பது அந்தக் கல்லால்தான். அதன் கதையைச் சொல்ல வேண்டுமானால் நம் ஊர்க் காளவாசலிலிருந்து தொடங்குவதே சரி.

பச்சைக்கல்லும் சுட்ட கல்லும்

கண்மாய் மண்ணில் அறுத்து வெயிலில் காயவைத்த பச்சைக்கல்லைக் கையில் எடுத்துப் பாருங்கள். கடினமாகத்தான் இருக்கும். ஆனால் ஒரு மழை பெய்தால் கரைந்து மறுபடி சேறாகிவிடும். அதே கல்லைக் காளவாசலில் அடுக்கிச் சுட்டபிறகு எத்தனை மழை பெய்தாலும் கரையாது. வெயிலால் முடியாத எதை நெருப்பு செய்தது?

களிமண்ணில் இரண்டு விதமான நீர் இருக்கிறது. ஒன்று, துகள்களுக்கு இடையே தங்கியிருக்கும் ஈரம். அதை வெயிலே குடித்துவிடும். மற்றொன்று கண்ணுக்குத் தெரியாதது. களிமண்ணின் ஒவ்வொரு துகளுக்குள்ளும், அணுக்களின் அடுக்கிலேயே, ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் கைகோத்துக் கிடக்கின்றன. கயோலின் என்ற வெள்ளைக் களிமண்ணை எவ்வளவு காயவைத்தாலும், அதன் எடையில் ஏறத்தாழ 14 சதவீதம் இப்படிப் பூட்டிவைத்த நீர்தான். அந்தப் பூட்டு திறக்க 500 டிகிரிக்கு மேல் வெப்பம் வேண்டும். திறந்து நீர் வெளியேறிவிட்டால் பழைய அடுக்கு குலைந்துபோகும். அதன்பிறகு அது களிமண் இல்லை. காளவாசல் எரிந்து உச்சத்தைத் தொடும்போது உள்ளே 900 முதல் 1000 டிகிரி வரை சூடு ஏறும். அந்தச் சூட்டில் பழைய துகள்கள் அழிந்து புதியவை உருவாகின்றன. அதனால்தான் சுட்ட கல்லை மழை கரைப்பதில்லை.

இந்த நீரின் கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ராஜபாளையத்துக் கல்லின் கதையும் இதே கணக்கில்தான் ஓடுகிறது.

பூவும் கதம்பமும்

கல் என்ற ஒரே சொல்லால் நாம் இரண்டு வேறு பொருள்களைக் குறிக்கிறோம். மாலை கட்டும் ஊருக்கு இதைச் சொல்வது எளிது. கனிமம் என்பது பூ. பாறை என்பது கதம்பம்.

கனிமத்துக்கு நிலையான சேர்மானம் உண்டு, நிலையான அணு அடுக்கும் உண்டு. உழவு வயலில் அகப்படும் வெங்கச்சாங்கல்லை எடுத்துக்கொள்ளுங்கள். அது குவார்ட்ஸ், ஒரு சிலிக்கான் அணுவுக்கு இரண்டு ஆக்சிஜன் அணு. ராஜபாளையத்தில் எடுத்தாலும் ரஷ்யாவில் எடுத்தாலும் இந்தக் கணக்கு மாறாது. பிள்ளைகள் உரித்து விளையாடும் காக்காப்பொன் மைக்கா. அதன் ஏடுகளுக்குள் பொட்டாசியமும் அலுமினியமும் உண்டு, கொஞ்சம் நீரும் உண்டு. இப்படி அறிஞர்கள் ஏற்றுக்கொண்ட கனிமங்கள் 6000 அளவுக்கு இருக்கின்றன. ஆனால் பூமியின் மேலோட்டைக் கட்டியிருப்பவை அவற்றில் ஒரு கைப்பிடிதான். காரணம், மேலோட்டின் எடையில் 98 சதவீதத்துக்கு மேல் எட்டே தனிமங்கள்: ஆக்சிஜன், சிலிக்கான், அலுமினியம், இரும்பு, கால்சியம், சோடியம், பொட்டாசியம், மக்னீசியம். இந்த எட்டும் எப்படிக் கைகோத்தாலும் பெரும்பாலும் ஃபெல்ஸ்பார், குவார்ட்ஸ், மைக்கா, பைராக்சீன் போன்ற சில குடும்பங்களுக்குள் அடங்கிவிடும்.

பாறைக்கு அப்படியொரு கறாரான சூத்திரம் கிடையாது. கதம்பத்தில் மல்லி கூடலாம், மரிக்கொழுந்து குறையலாம். ஆனாலும் கட்டியவர் கையைப் பூவின் சேர்க்கை காட்டிக்கொடுக்கும். எந்தத் தோட்டத்துப் பூ, எந்த மாதத்துப் பூ என்று விவரம் அறிந்தவர் சொல்லிவிடுவார். பாறையிலும் அப்படித்தான். எந்தெந்தக் கனிமங்கள் அருகருகே உட்கார்ந்திருக்கின்றன என்பதைக் கொண்டு, அந்தப் பாறை எதிலிருந்து பிறந்தது, எவ்வளவு ஆழத்தில் கிடந்தது, எவ்வளவு சூடு கண்டது என்று சொல்லிவிடலாம். கனிமச் சேர்க்கைதான் பாறையின் ஜாதகம்.

சேறு இறங்கிய ஆழம்

ராஜபாளையத்துக் கல்லின் முன்பிறவி சேறு என்பதை அதிலுள்ள அலுமினியம் சொல்கிறது. பாறை மழையில் மக்கும்போது சோடியமும் கால்சியமும் கரைந்து நீரோடு போய்விடும். கரையாத அலுமினியம் களிமண்ணாகப் பின்தங்கும். அந்தக் களிமண் நீர்நிலைகளின் அடியில் படிந்து சேறாகும். கூடவே கொஞ்சம் குவார்ட்ஸ் மணலும் கலந்திருக்கும். ஆகவே அலுமினியம் மிகுந்த கனிமங்கள் ஒரு பாறையில் கூடி நின்றால், அது ஒரு காலத்தில் வண்டலாகப் படுத்திருந்தது என்று பாறையியலாளர் ஊகிப்பார்.

அந்தச் சேற்றின் மேல் மேலும் மேலும் வண்டல் சேர்ந்தது, பாரம் அழுத்தியது, சேறு களிப்பாறை ஆனது. பின்னர் கண்டங்கள் நெருங்கி மோதியபோது, மேலே இருந்தது மடிந்து கீழே போனது. கீழே போகப் போகச் சூடு. முதலில் களிமண் கனிமங்கள் தம் நீரில் பெரும்பகுதியை இழந்து மைக்காவாக மாறின. களிமண்ணில் 14 சதவீதம் இருந்த நீர், மைக்காவில் 4 சதவீதம் அளவுக்கு இறங்கியது. இன்னும் ஆழம், இன்னும் சூடு. மைக்காவும் தாக்குப்பிடிக்க முடியாமல் உடைந்தது. அலுமினியம் கார்னெட், சில்லிமனைட் என்ற கனிமங்களில் போய்ச் சேர்ந்தது. இந்த இரண்டின் அடுக்கிலும் நீருக்கு இடமில்லை. 14 நான்காகி, நான்கு பூஜ்யமானது.

மைக்கா உடைந்தபோது வெளிவந்த நீர் சும்மா போய்விடவில்லை. அந்தச் சூட்டில் நீர் கொஞ்சம் இருந்தாலும் பாறை உருகத் தொடங்கும். குவார்ட்ஸும் ஃபெல்ஸ்பாரும் கலந்த ஒரு குழம்பு உருவாகி, நீரையும் தன்னோடு சேர்த்துக்கொண்டு, இடுக்குகள் வழியே மேலேறியது. வீட்டில் வெண்ணெய் உருக்கும் காட்சியை நினைத்துக்கொள்ளுங்கள். உருகிய நெய்யை வடித்துவிட்டால் அடியில் சிவந்த கசடு நிற்கும். உருகாதது எதுவோ அது அங்கே செறிந்து கிடக்கும். பூமிக்கடியிலும் உருகியது வடிந்துபோக, மக்னீசியமும் அலுமினியமும் செறிந்த வறண்ட கசடு மிஞ்சியது. அந்தக் கசட்டில்தான் நம் கதையின் நாயகன் பிறந்தான்.

ஆயிரம் டிகிரியின் சாட்சி

அந்தக் கனிமத்தின் பெயர் சஃபிரின். மக்னீசியம், அலுமினியம், சிலிக்கான், ஆக்சிஜன் நான்கும் சேர்ந்தது. கொஞ்சம் இரும்பும் உண்டு. நீலமோ பச்சை கலந்த நீலமோ அதன் நிறம். நவரத்தினத்தில் வரும் நீலக்கல்லை ஒத்த நிறம் என்பதால் 1819-ல் இந்தப் பெயர் வைத்தார்கள். நீலக்கல் வேறு, இது வேறு. முதன்முதலில் இது கிடைத்த இடம் கிரீன்லாந்தின் ஃபிஸ்கனேசெட்.

சஃபிரின் தனியாகக் கிடைப்பது அரிதுதான். ஆனால் அதற்காக மட்டும் யாரும் வியந்துவிட மாட்டார்கள். அது குவார்ட்ஸின் தோளை உரசிக்கொண்டு நிற்கும்போதுதான் பாறையியலாளர் நிமிர்ந்து உட்காருவார். சஃபிரினில் சிலிக்கா குறைவு. குவார்ட்ஸ் என்பதோ சிலிக்காவே. சாதாரணச் சூட்டில் இவை இரண்டும் அருகருகே வந்தால் சும்மா இருக்காது. ஒன்றோடொன்று வினைபுரிந்து, கார்டியரைட், சில்லிமனைட், பைராக்சீன் என்று வேறு கனிமங்களாகிவிடும். இரண்டும் சண்டையில்லாமல் கூடி வாழ வேண்டுமானால் ஏறத்தாழ 1000 டிகிரியும் அதற்கு மேலும் வேண்டும். ஆகவே சஃபிரினும் குவார்ட்ஸும் தொட்டுக்கொண்டிருக்கும் ஒரு கல் கிடைத்தால், அது தானே ஒரு வெப்பமானி. பூமியின் மேலோட்டில் இந்த இடம் ஒரு காலத்தில் 1000 டிகிரி கண்டது என்று அது சாட்சி சொல்கிறது.

இந்தச் சாட்சி முதலில் பேசியது அண்டார்க்டிகாவில். அங்கே எண்டர்பி நிலத்துப் பாறையில் சஃபிரினும் குவார்ட்ஸும் சேர்ந்திருப்பதை ஆஸ்திரேலியப் புவியியலாளர் டால்விட்ஸ் 1968-ல் நேச்சர் இதழில் எழுதினார். தென்னிந்தியாவில் அப்படி ஒரு சேர்க்கை இருப்பதாக முதல் அறிக்கை வந்தது 2004-ல். ஜப்பானின் ட்சுகுபா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ததேஷி, சுனொகாயே ஆகியோரும், சந்தோஷ், ஜனார்தன் என்ற இந்திய அறிஞர்களும் சேர்ந்து அதை கோண்டுவானா ரிசர்ச் இதழில் வெளியிட்டார்கள். அவர்கள் ஆராய்ந்த கல் ராஜபாளையத்துக் கல்.

கல்லை மெலிதாக்கிப் படித்தல்

கல்லின் ஜாதகத்தை வெறுங்கண்ணால் முழுதும் படிக்க முடியாது. ஒரு துண்டை அறுத்து, கண்ணாடிச் சில்லில் ஒட்டி, 0.03 மில்லிமீட்டர் கனத்துக்கு வரும்வரை தேய்ப்பார்கள். அந்த மெல்லிய கனத்தில் கருங்கல்லும் ஒளி ஊடுருவும் கண்ணாடி போலாகிவிடும். நுண்ணோக்கியின் அடியில் வைத்து, முனைவாக்கிய ஒளியைச் செலுத்தினால் ஒவ்வொரு கனிமமும் தன் நிறத்தைக் காட்டும். குவார்ட்ஸ் சாம்பல் நிறத்தில் இருக்கும். கார்னெட்டில் ஒளி அவிந்து இருட்டாகிவிடும்.

அங்கே தெரிவது உச்ச வெப்பம் மட்டும் அல்ல. பாறை சூடேறிய பாதையும், அது மேலே வந்த பாதையும் தெரிகின்றன. சில கார்னெட் மணிகளின் ஓரம் சிதைந்து, அதைச் சுற்றிப் பைராக்சீனும் கார்டியரைட்டும் விரல் விரலாகப் பின்னிக் கிடக்கும். கார்னெட் நெருக்கிக் கட்டிய கனிமம். அழுத்தம் மிகுந்தால் அதற்கு வாழ்வு. கார்டியரைட் தளர்வாகக் கட்டியது. அழுத்தம் குறைந்தால் அதற்கு வாழ்வு. முன்னது உடைந்து பின்னது பிறந்திருக்கிறது என்றால், சூடு ஆறுவதற்கு முன்பே பாரம் குறைந்திருக்கிறது; பாறை மேல்நோக்கி எழும்பியிருக்கிறது. 2010-ல் சுனொகாயேவும் சந்தோஷும் ராஜபாளையத்துச் சஃபிரின் பாறைகளைப் பற்றி எழுதிய கட்டுரை, இந்த எழுச்சியைத்தான் அடி அடியாகப் பின்தொடர்கிறது. இந்தக் கற்கள் கணக்காய்ச் சொல்லும் ஆழம் ஏறத்தாழ 30 கிலோமீட்டர்.

வழக்கமான கணக்குப்படி 30 கிலோமீட்டர் ஆழத்தில் 700, 800 டிகிரிதான் இருக்க வேண்டும். 1000 டிகிரி எங்கிருந்து வந்தது? மோதலில் மேலோடு இரட்டிப்பாகத் தடித்தது. அதற்குள் இருக்கும் யுரேனியம், தோரியம், பொட்டாசியம் ஆகியவை கசியவிடும் கதிரியக்க வெப்பம் வெளியேற வழியில்லாமல் கோடிக்கணக்கான ஆண்டுகள் தேங்கியது. மேலோட்டுக்கு அடியில் இருக்கும் கவச அடுக்கின் சூடும் ஏறியது. ஆய்வாளர்கள் முன்வைக்கும் விளக்கங்கள் இவை. காளவாசல் மூட்டத்தை மண் பூசி அடைப்பது எதற்காக? சூடு வெளியே போகாமல் இருக்கத்தான். இங்கே ஒரு கண்டமே மூட்டமாக அமைந்துவிட்டது.

காலத்தைச் சொல்ல மோனசைட் என்ற மணி உதவியது. மணவாளக்குறிச்சிக் கடல்மணலில் பிரித்தெடுக்கிறார்களே, அதே மோனசைட். அதிலுள்ள தோரியமும் யுரேனியமும் மாறாத வேகத்தில் ஈயமாகிக்கொண்டே இருக்கும். சேர்ந்த ஈயத்தை அளந்தால் வயது தெரியும். 2007-ல் ஐரோப்பிய ஆய்வாளர் குழு ஒன்று ராஜபாளையத்துச் சஃபிரின்–குவார்ட்ஸ் பாறைகளை இந்த முறையில் ஆராய்ந்து, அந்தப் பாறை ஒருமுறை மட்டும் சூடு கண்டதில்லை, 100 கோடி ஆண்டுகளுக்கும் 54 கோடி ஆண்டுகளுக்கும் இடைப்பட்ட காலத்தில் பலமுறை வெந்திருக்கிறது என்று காட்டியது.

அந்தக் காலத்தின் கடைசிப் பகுதியில், ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன், ஆப்பிரிக்கா, மடகாஸ்கர், இந்தியா, இலங்கை, அண்டார்க்டிகா எல்லாம் நெருங்கி ஒட்டிக்கொண்டன. அந்தப் பெருங்கண்டத்துக்கு மத்திய இந்தியாவின் கோண்டு மக்கள் நிலத்தின் பெயரால் கோண்டுவானா என்று பெயர். நிலத்தில் அப்போது ஒரு புல்கூட முளைத்திருக்கவில்லை. இலங்கையின் மலைநாட்டிலும் சஃபிரினும் குவார்ட்ஸும் சேர்ந்த பாறைகள் உண்டு. நடுவே கடல் வந்து பிரித்தாலும், ஒரே அடுப்பில் வெந்த கற்கள் தம் உறவை இன்றும் மறைப்பதில்லை.

ஒரே நெருப்பு, வேறு வேறு பிள்ளைகள்

மேற்கே நிற்கும் மலை முழுவதும் சஃபிரின் என்று நினைத்துவிடக் கூடாது. அது சிறு சிறு அடுக்குகளாக மட்டுமே கிடைக்கும். இந்தப் பக்கத்து மலைகளில் பெரும்பங்கு, சூட்டிலும் அழுத்தத்திலும் உருமாறிய நைஸ் பாறைகளும், எண்ணெய் தடவியதுபோல் பச்சை கலந்து மினுங்கும் சார்னோக்கைட்டும். குவார்ட்ஸ், ஃபெல்ஸ்பார், ஹைப்பர்ஸ்தீன் என்ற பைராக்சீன் ஆகியவை சேர்ந்தது சார்னோக்கைட். அதன் பெயரே ஒரு தமிழ்நாட்டுக் கதை. கல்கத்தாவில் இருக்கும் ஆங்கிலேயர் ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லைப் புவியியலாளர் தாமஸ் ஹாலண்ட் 1893-ல் ஆராய்ந்து, அது சென்னைப் பல்லாவரம் பக்கத்துப் பாறையை ஒத்திருப்பதைக் கண்டு, அந்தப் பாறை வகைக்கே சார்னாக்கின் பெயரைச் சூட்டினார். அதிலும் ஹைப்பர்ஸ்தீன் இருப்பது நீர் இல்லாமல் வெந்ததற்கு அடையாளம். நீர் இருந்திருந்தால் அதன் இடத்தில் மைக்காவோ ஹார்ன்பிளெண்டோ உட்கார்ந்திருக்கும்.

கிழக்கே அருப்புக்கோட்டைப் பக்கம் போனால் பந்தல்குடிச் சுண்ணாம்புக்கல். அதுவும் உருமாறிய பாறைதான். ஆனால் அதன் முன்பிறவி களிமண் இல்லை, கால்சியம் கார்பனேட். சூடும் அழுத்தமும் கண்டபோது அது கார்னெட்டாகவோ சஃபிரினாகவோ மாறவில்லை. அதற்கான அலுமினியம் அதனிடம் இல்லை. கால்சைட் படிகங்கள் பெரிதாக வளர்ந்து, பளபளக்கும் பளிங்குத்தன்மை பெற்றது, அவ்வளவுதான். ராஜபாளையத்துக்காரர் பி.ஏ.சி. ராமசாமி ராஜா தொடங்கிய சிமென்ட் தொழில், ராமசாமிராஜா நகர் ஆலைக்கு வந்து சேரும் இந்தக் கல்லின்மேல்தான் எழுந்தது. அங்கே உலையில் 1450 டிகிரி அளவில் அது களிமண்ணோடு சேர்ந்து மறுபடியும் வேகிறது.

கையில் என்ன இருந்தது, அதற்கு என்ன நேர்ந்தது என்ற இரண்டும் சேர்ந்துதான் ஒரு பாறையைத் தீர்மானிக்கின்றன. சேறு சஃபிரின் பாறையானது. சுண்ணாம்பு பளிங்கானது. நெருப்பு இரண்டுக்கும் பொது.

மறுபடியும் நீர்

30 கிலோமீட்டர் ஆழத்துப் பாறை இன்று நம் காலடியில் கிடக்கிறது என்றால், அதன் மேலிருந்தது எல்லாம் மழையிலும் ஆற்றிலும் அரைந்து போய்விட்டது என்று பொருள். தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரிக் கடற்கரைகளில் அலை ஒதுக்கும் சிவப்புக் கார்னெட் மணலும் கருமணலும் இத்தகைய பாறைகள் உதிர்த்த மணிகள்.

இன்றும் அது நிற்கவில்லை. ஐப்பசி, கார்த்திகை மழை மலையில் இறங்கும்போது, காட்டோடைகளில் செம்மண் கலங்கலாக வரும். அந்த நீர் வெறும் மண்ணை மட்டும் அரித்துக்கொண்டு வருவதில்லை. பாறையின் ஃபெல்ஸ்பாருக்குள் மெல்ல மெல்ல நுழைந்து, அதன் அடுக்கைக் குலைத்து, களிமண்ணாக மாற்றுகிறது. ஆழத்தில் விரட்டப்பட்ட நீர் இப்படித்தான் கனிமத்துக்குள் திரும்பி வருகிறது. பூஜ்யம் மறுபடி 14 ஆகிறது. அந்தக் களிமண் ஓடையில் இறங்கி, கண்மாயில் வண்டலாகப் படிகிறது. கோடையில் கண்மாய் வற்றியதும் அந்த வண்டலை அள்ளிக் குழைத்து, அச்சில் அறுத்து, காளவாசலில் அடுக்குகிறார்கள். 1000 டிகிரியை ஒட்டிய சூடு; நீர் மறுபடி வெளியேறுகிறது.

இதைத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து செங்கல்லைச் சாதாரணமாகப் பார்க்க எனக்கு மனம் வருவதில்லை. கருங்கல்லையும்தான். கல் அரைக்கும் ஆலையில் ஜல்லியாவதற்குக் காத்திருக்கும் குவியலைக் கடக்கும்போதெல்லாம், இதில் எந்தத் துண்டு எந்த ஆழத்திலிருந்து வந்ததோ என்று நெஞ்சு அடித்துக்கொள்கிறது. வீட்டுக்கும் சாலைக்கும் கல் வேண்டும். அதை மறுக்க முடியாது. ஆனால் சஃபிரினும் குவார்ட்ஸும் கூடிக் கிடக்கும் பாறைமுகம் உலகத்தில் சில இடங்களில்தான் இருக்கிறது. கோயில் கல்வெட்டை உடைத்தால் நம் ஊரின் ஆயிரம் ஆண்டு போய்விடும் என்று பதறுகிறோம். அந்தப் பாறையில் 55 கோடி ஆண்டு எழுதியிருக்கிறது. அது இன்ன இடத்தில் இருக்கிறது என்று அடையாளமிட்டு, வேலி கட்டி, பள்ளிப் பிள்ளைகளை அழைத்துப்போய்க் காட்ட வேண்டும். கையில் ஒரு உருப்பெருக்கிக் கண்ணாடி போதும். தங்கள் ஊர்க் கல்லைப் பார்க்கவே ஜப்பானிலிருந்து ஆட்கள் வந்தார்கள் என்று தெரிந்த பிள்ளை, அதன்பிறகு வழியில் கிடக்கும் எந்தக் கல்லையும் குனிந்து பார்க்காமல் போகாது.

ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரத்தைத் திரும்ப ஒருமுறை அண்ணாந்து பார்க்கிறேன். அடியில் மலையிலிருந்து வெட்டி வந்த கல். மேலே நிலம் தந்த மண்ணைச் சுட்ட கல். கட்டியவர்கள் இரண்டையும் வேறு வேறாகத்தான் நினைத்திருப்பார்கள். இன்று எனக்கு அவை ஒன்றின்மேல் ஒன்றாக நிற்கும் தாயும் பிள்ளையுமாகத் தெரிகின்றன: மலை மக்கி மண்ணாகி, மண் வெந்து மறுபடி கல்லாகி நிற்கிறது.